மணிக்கட்டுல கட்டி, ஊசில உறிஞ்சியும் திரும்ப வந்துருச்சு, ஆபரேஷன் பண்ணிக்கலாமாங்க?

பனங்காடு_கொலுசு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வலது கை மணிக்கட்டு மேல்பக்கம் எனக்கு ஒரு கட்டி இருக்குது. கையை உள்ளுக்கா மடக்குனா நல்லா புடைச்சுக்கிட்டு தெரியும், நிமித்துனா கொஞ்சம் அமுங்கிக்கும். நான் வீட்டுலயே கொலுசு வேலை பாக்குறவ, கண்ணி கோத்து பொடி வெச்சு நெருப்புல சூடாக்கி ஒட்டுற, அதான் பத்த வைக்கிற வேலை. நாள் பூரா கை மடங்குனபடியேதான் இருக்கும், சாயங்காலம் ஆனா மணிக்கட்டுல ஒரு குடைச்சல், கட்டைவிரல் பக்கமா இழுக்குது. இடுக்கியை அழுத்திப் புடிச்சா கை நழுவுது.

போன வருஷம் டாக்டர்கிட்ட காட்டுனப்ப கேங்லியான்னு சொல்லி ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தாங்க. ஊசில வெள்ளையா பசை மாதிரி வந்துச்சு, கட்டி அங்கயே வத்திருச்சு, எனக்கு அவ்ளோ சந்தோஷம். ஆனா கொஞ்ச மாசத்துலயே அதே எடத்துல திரும்ப வந்துருச்சுங்க. இப்ப ஸ்கேன்ல ஒன்றரை சென்டிமீட்டர்னு போட்டுருக்காங்க. வேற டாக்டர் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு சொல்றாரு, நாத்தனார் பண்ணாத அதுவும் திரும்ப வரும்னு சொல்றாங்க, எங்க மாமியார் அதை அப்படியே விட்டா கேன்சர் ஆயிரும்னு ஒரே அழுகை. வேலை செய்யுற அளவுக்குத்தான் கூலி, கையில கட்டுப் போட்டு உக்காந்தா வீட்டுல அடுப்பு எரியாது. அனுபவம் உள்ளவங்க யாராச்சும் விவரமா சொல்லுங்க.

அஸ்தம்பட்டி_பிசியோ

மொதல்ல உங்க மாமியாருக்கு சொல்லிருங்க அக்கா, இது கேன்சர் இல்ல, கேன்சரா மாறவும் மாறாது. கையில மணிக்கட்டுல வர்ற கட்டிகள்லயே ரொம்ப சகஜமானது இதுதான். 20 வயசுலருந்து 40 வயசுக்குள்ளதான் அதிகமா வரும், ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு கிட்டத்தட்ட 3 மடங்கு. நான் தினம் கை மணிக்கட்டுன்னு வர்றவங்களையே பாக்குறேன், இந்த பயத்தோட வர்றவங்கதான் பாதி.

ஏன் திரும்ப வருதுன்னு தெரிஞ்சா உங்களுக்கு முடிவெடுக்க சுலபமா இருக்கும். மணிக்கட்டுல 8 குட்டி எலும்பு இருக்கு, அதுல ஸ்கேஃபாய்டு லூனேட்னு ரெண்டு எலும்பை ஒரு ஜவ்வு சேத்து புடிச்சுருக்கு. மேல்பக்கம் வர்ற கேங்லியான் பெரும்பாலும் அந்த ஜவ்வு பக்கத்துலருந்துதான் கிளம்பும். 100 பேருக்கு வந்தா 60, 70 பேருக்கு இந்த மேல்பக்கம்தான். நீங்க வெளிய பாக்குற உருண்டை மேல் நுனி மட்டும்தான், அதுக்கு கீழ ஒரு காம்பு மூட்டு வரைக்கும் போகும். மூட்டுல இருக்குற வழவழப்புத் தண்ணி அந்த காம்பு வழியா மேல ஏறும், திரும்ப இறங்காது, சைக்கிள் டியூப் வால்வு காத்தை உள்ள விடும் வெளிய விடாதுல்ல அப்படி. உள்ள தேங்கி தேங்கி கெட்டியாகிதான் நீங்க ஊசில பாத்த பசை. ஊசி அந்த பசையை எடுத்துருது, பையும் காம்பும் அங்கயேதான் இருக்கு. அதனாலதான் உறிஞ்சி எடுத்தவங்கள்ல பாதிக்கு மேல திரும்ப வருது. உங்க டாக்டர் சரியா பண்ணலன்னு நினைக்காதீங்க, அந்த வைத்தியத்தோட எல்லையே அவ்ளோதான். கூட ஸ்டீராய்டு சேத்துப் போட்டாலும் பெருசா வித்தியாசம் இல்ல.

அப்பறம் இன்னொண்ணு. எதுவுமே பண்ணாம விட்டாலும் சுமார் பாதி பேருக்கு தானா மறைஞ்சுருது, ஆனா அதுக்கு வருஷக்கணக்கு ஆகலாம்.

குகை_தறிக்காரர்

அம்மா நான் 60 தாண்டுனவன், தறிக்குழில உக்காந்து காலம் ஓட்டுனவன். எங்க தெருவுல இந்த கட்டி வராத வீடு இல்ல. அந்தக் காலத்துல ஊசியாவது ஆபரேஷனாவது, கட்டி மேல ஒரு பழைய செம்புக்காசை வெச்சு துணியில இறுக்கி கட்டிருவாங்க. சில பேரு கையை திண்ணையில வெச்சு ஒரே அடி, கட்டி உடைஞ்சு பரவிரும். என் சம்சாரத்துக்கு வெளக்கெண்ணெய் தடவி காசு கட்டி விட்டோம், ஒரு தை மாசம் பாத்தா கட்டியே இல்ல, இன்னிக்கு வரைக்கும் வரல. கத்தி வெக்கறதுக்கு முன்னாடி இதை செஞ்சு பாக்கலாம்னு எனக்கு தோணுது.

அஸ்தம்பட்டி_பிசியோ

ஐயா, அம்மாவுக்கு சரியானது ரொம்ப சந்தோஷம். ஆனா இதை படிக்கிற சின்னப் பசங்க செஞ்சுறக் கூடாதுன்னுதான் எழுதுறேன். இந்தக் கட்டி பெருசாகும் சின்னதாகும், சில சமயம் தானா காணாமப் போகும், இதோட குணமே அதுதான். அந்த நேரத்துல நாம காசு கட்டியிருந்தா காசுக்கு பேரு, பத்து போட்டிருந்தா பத்துக்கு பேரு, மாத்திரை சாப்ட்டிருந்தா மாத்திரைக்கு பேரு. அடிச்சா பை உடைஞ்சு பசை சதைக்குள்ள பரவி கரைஞ்சுரும், ஆமா, அன்னிக்கு கட்டி தெரியாது. காம்பு அப்படியே இருக்குறதால திரும்ப ஊறும். அடி தவறினா குட்டி எலும்பு விரிசல் விடலாம், ஜவ்வு கிழியலாம், அப்பறம் அது ஆயுசுக்கும் வலி. இறுக்கி கட்டுனா விரல் மரத்துப் போகும். வீட்டுல ஊசியால குத்தி விடுறவங்களும் இருக்காங்க, அது எல்லாத்தையும் விட ஆபத்து, ஏன்னா அந்த ஓட்டை நேரா மூட்டோட சம்பந்தப்பட்டது, கிருமி உள்ள போனா மூட்டே சீழ் புடிச்சுரும்.

எண்ணெய் தடவறதுல தப்பில்லைங்க ஐயா, இதமா இருக்கும், கட்டி கரையாது அவ்ளோதான்.

குகை_தறிக்காரர்

அடிக்கிறது வேண்டாம்னு நீங்க சொல்றது சரிதான் தம்பி, எங்க பெரியப்பா பையனுக்கு அப்படி அடிச்சு கை வீங்கி தறி நெய்யவே வராம ஒரு மாசம் படுத்துருந்தான். தானா போகும்னு அப்ப எங்களுக்கு சொல்றதுக்கு ஆள் இல்ல.

மலங்காட்டு_காப்பி

நான் ஏற்காடு. எங்க அம்மா எஸ்டேட்ல காப்பி பழம் பறிக்கிறவங்க, அவங்களுக்கும் இதே எடத்துல இதே கட்டி. காப்பி பறிக்கிறதை பாக்காதவங்களுக்கு சொல்றேன், ஒரு கையால கிளையை வளைச்சு புடிச்சுக்கணும், இன்னொரு கையால செவந்த பழத்தை மட்டும் திருகி திருகி எடுக்கணும், பச்சைக்காய் வரக்கூடாது, காம்பு உடையக்கூடாது. கார்த்திகை மார்கழி தை மூணு மாசமும் விடியக்காலைலருந்து இதே வேலை, மணிக்கட்டு திருகிக்கிட்டே இருக்கும். அந்த மூணு மாசமும் கட்டி பெருசாகி கல்லு மாதிரி இருக்கும், வேலை கொறைஞ்ச மாசத்துல மெத்துன்னு ஆகி பாதியாயிரும்.

இருபது கொண்டை ஊசி இறங்கி சேலம் வந்து மோகன் குமாரமங்கலம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில எலும்பு டாக்டர்கிட்ட காட்டுனோம். ரூம்ல லைட்டை அணைச்சுட்டு கட்டிக்கு பக்கவாட்டுல சின்ன டார்ச் வெச்சு அடிச்சாங்க, கட்டி பூரா செவசெவன்னு வெளிச்சம் ஊடுருவி தெரிஞ்சுது. உள்ள தண்ணிதான் இருக்கு சதை இல்லன்னு அம்மாவுக்கே காட்டி சொன்னாங்க. வலி அதிகமில்ல, விரல் மரக்கல, அதனால இப்ப ஒண்ணும் வேண்டாம், வலிக்கிறப்ப கைப்பட்டை போடுங்க, பெருசானா வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அம்மாவுக்கு ஏமாத்தம், மருந்தே குடுக்கலியேன்னு. ஆனா அதுக்கப்பறம் ரெண்டு மூணு சீசன்ல தானா கொறைஞ்சு இப்ப தடவிப் பாத்தாதான் தெரியுது. பயம் போனதே பாதி வைத்தியம்னு அம்மா சொல்லும்.

அஞ்சுரோடு_அக்கவுண்ட்ஸ்

அக்கா நான் ரெண்டு தடவை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

மொதல் தடவை ஒரு எடத்துல பண்ணேன், பேரு வேண்டாம். அங்க கட்டி இருக்குற எடத்துல மட்டும் மரத்துப்போற ஊசி போட்டு பத்தே நிமிஷத்துல எடுத்துட்டோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஒரு வருஷத்துக்குள்ள தழும்புக்கு கீழயே திரும்ப வந்துச்சு. அப்பறம் கை ஆபரேஷன் மட்டுமே பண்ற டாக்டர் ஒருத்தர்கிட்ட போனேன். அவர்தான் எம்ஆர்ஐ எடுத்து காட்டுனாரு, வெளிய தெரிஞ்சது சின்னதுதான், உள்ள காம்பு வளைஞ்சு மூட்டுக்குள்ள போயி அங்க ரெண்டு மூணு சின்ன அறையா பிரிஞ்சுருந்துச்சு. பையை மட்டும் எடுத்தா பத்தாது, காம்போட அது கிளம்புற எடத்துல மூட்டு உறையையும் கொஞ்சூண்டு சேத்து எடுக்கணும், அதே நேரம் கீழ இருக்குற ஜவ்வுல கை வெச்சுறக் கூடாதுன்னு படம் போட்டு விளக்குனாரு.

ரெண்டாவது தடவை தோள்பட்டைகிட்ட ஊசி போட்டு கை முழுக்க மரக்க வெச்சாங்க, முழு மயக்கம் இல்ல. மேல் கையில பிபி பட்டை மாதிரி ஒண்ணு கட்டி காத்தடிச்சு ரத்தத்தை நிறுத்துவாங்க, ரத்தம் இல்லாம இருந்தாத்தான் காம்பு தெளிவா தெரியுமாம். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கை என்னோடதே இல்லாத மாதிரி ராத்திரி வரைக்கும் தொங்கிக்கிட்டு இருந்துச்சு, ஊசி இறங்குனதும் வலி தெரிஞ்சுது, மாத்திரையில அடங்குச்சு. ரெண்டு வாரம் போல கட்டு, அப்பறம் தையல் பிரிச்சாங்க.

யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயம் இதுதான், தையல் பிரிச்சதும் கை நார்மல் ஆயிராது. கையை உள்பக்கமா மடக்கவே வராது, மேல்தோல் இழுத்துக்கிட்டு நிக்கும். சாமி கும்பிடுற மாதிரி ரெண்டு உள்ளங்கையையும் சேத்து முழங்கையை மெதுவா மேல தூக்கறது, அப்பறம் கைய தலைகீழா திருப்பி புறங்கை ரெண்டையும் ஒட்டி அழுத்தறதுன்னு பயிற்சி குடுத்தாங்க. அதை விடாம பண்ணதாலதான் எனக்கு மடக்கறது திரும்ப வந்துச்சு. தழும்புக்கு பக்கத்துல ஒரு ரூபா அளவு எடம் இன்னும் மரத்துதான் இருக்கு, தோலுக்குப் போற சின்ன நரம்பு ஒண்ணு அந்த வழியா போகுதாம். எனக்கு அது தொந்தரவில்ல. கட்டி இன்னும் வரல.

பனங்காடு_கொலுசு

ரொம்ப நன்றிங்க அக்கா, இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல. எத்தனை நாள்ல பழைய மாதிரி வேலை பாத்தீங்க? எனக்கு அதுதான் கவலை, தீபாவளி ஆர்டர் வேற வரப்போகுது.

அஞ்சுரோடு_அக்கவுண்ட்ஸ்

கட்டு பிரிச்ச கொஞ்ச நாள்லயே கம்ப்யூட்டர் வேலை பாத்தேன் அக்கா. ஆனா குக்கர் மூடி திறக்கறது, துணி பிழியறது, காய்கறிப் பை தூக்கறதுக்கெல்லாம் ஒண்ணரை மாசத்துக்கு மேல ஆச்சு. உங்க வேலை கையை அழுத்தற வேலை, அதனால என்னோட கணக்கை வெச்சு ஆர்டர் ஒத்துக்காதீங்க, தீபாவளி முடிஞ்சதும் வெச்சுக்கறது நல்லதுன்னு எனக்கு படுது.

கொண்டலாம்பட்டி_ராஜா

ஆபரேஷன் பண்ணாலும் வரும், ஊசி போட்டாலும் வரும், சும்மா இருந்தா தானாவும் போகும்னா எதுக்குங்க காசை செலவு பண்ணி கத்தி வெச்சுக்கணும்? டாக்டருங்க ஆபரேஷன் ஆபரேஷன்னு சொல்றது எனக்கு நியாயமாவே படல.

அஸ்தம்பட்டி_பிசியோ

நியாயமான கேள்வி அண்ணா. ஆனா மூணும் ஒரே அளவுக்கு திரும்ப வர்றதில்ல. ஊசில உறிஞ்சினா பாதிக்கு மேல திரும்பும்னு சொன்னேன்ல, தோல் திறந்து பண்ற ஆபரேஷன்ல பல ஆய்வுகளை சேத்துப் பாத்தா சுமார் 5 பேர்ல ஒருத்தருக்கு வருது. யாரு பண்றாங்க, எவ்ளோ வருஷம் கழிச்சு பாக்குறாங்கங்கறதை பொறுத்து இது ஏறும் இறங்கும், சில ஆய்வுல இன்னும் அதிகமாவே வந்துருக்கு. துளை போட்டு கேமரா விட்டு பண்ற முறையும் இருக்கு, தழும்பு சின்னது, திரும்ப வர்றது அதுல ரொம்ப கொறைஞ்சுருதுன்னு அடிச்சு சொல்ல முடியாது.

கட்டி இருக்கா இல்லையாங்கறதை வெச்சு முடிவெடுக்காதீங்கன்னுதான் நான் எல்லாருக்கும் சொல்றது. அந்த கட்டி உங்க பொழப்பை தடுக்குதா? வலி ராத்திரி தூக்கத்தை கெடுக்குதா? புடி நழுவுதா, விரல் மரக்குதா? இதுல ஒண்ணும் இல்லன்னா கட்டியோட சமாதானமா வாழலாம், பல ஆயிரம் பேரு வாழ்றாங்க. இருக்குன்னா 5ல 4 பேருக்கு நிக்கிற வைத்தியத்தை கொறைச்சு பேச முடியாது. பனங்காடு அக்காவுக்கு இடுக்கி நழுவுதுங்கறாங்க, கையில நெருப்பு வெச்சுக்கிட்டு வேலை பாக்குறவங்க, அவங்க கணக்கு வேற, பாக்க அசிங்கமா இருக்குன்னு வர்ற காலேஜ் பொண்ணு கணக்கு வேற.

அடிவாரம்_புல்லட்

எனக்கு உள்பக்கம். நாடி புடிச்சு பாக்குற எடத்துலயே, கட்டைவிரலுக்கு கீழ. வாரா வாரம் ஏற்காடு மலை ஏறி எறங்குவேன், இறக்கத்துல வளைவுக்கு வளைவு பிரேக் புடிச்சு புடிச்சு வந்ததுல வந்துச்சான்னு தெரியல. தொட்டுப் பாத்தா துடிக்குது. இதையும் ஊசில எடுத்துக்கலாமா? தெரிஞ்ச கம்பவுண்டர் ஒருத்தர் எடுத்து விடறேன்னு சொல்றாரு.

அஸ்தம்பட்டி_பிசியோ

வேண்டவே வேண்டாம் தம்பி, கம்பவுண்டர்கிட்ட கையை குடுத்துறாதீங்க. உள்பக்கம் வர்றது 100க்கு 20 பேர் போல, அது கைக்கு ரத்தம் கொண்டு போற ரேடியல் ரத்தக்குழாயை ஒட்டிதான் உக்காந்துருக்கும், சில சமயம் அதை சுத்தி வளைச்சே இருக்கும். துடிக்கிறது கட்டிக்கு அடில இருக்குற ரத்தக்குழாயோட துடிப்பா இருக்கலாம், ரத்தக்குழாயே வீங்கி வந்த கட்டியாவும் இருக்கலாம், ரெண்டையும் கையால தொட்டு பிரிக்கிறது கஷ்டம். மொதல்ல ரத்த ஓட்டத்தை காட்டுற டாப்ளர் ஸ்கேன் எடுங்க. உள்பக்க கட்டியை கண்ணை மூடிக்கிட்டு ஊசில குத்தறதை கை டாக்டருங்களே பெரும்பாலும் தவிர்ப்பாங்க. ஆபரேஷன்னாலும் முன்னாடி உங்க கையை இறுக மூடச் சொல்லி, ரெண்டு பக்க ரத்தக்குழாயையும் அழுத்தி, ஒண்ணை விட்டு கை செவக்குதான்னு பாப்பாங்க. ஒரு குழாய் மட்டும் இருந்தாலும் கைக்கு ரத்தம் போகுமான்னு தெரிஞ்சுக்கத்தான் அது.

பேட்மின்டன்_பொண்ணு

எனக்கு வெளிய கட்டியே தெரியாது, ஆனா கையை தரையில ஊணி எந்திரிச்சா புறங்கைக்கு நடுவுல சுருக்குனு குத்தும், புஷ்அப் எடுக்கவே முடியாது. எக்ஸ்ரே நார்மல். பாக்குறவங்க எல்லாம் சோம்பேறித்தனம்னு சொன்னாங்க. கடைசில எம்ஆர்ஐல சின்னதா கேங்லியான் உள்ளயே ஒளிஞ்சுருக்குன்னு வந்துச்சு. சின்னதுதான் ஆனா பக்கத்துல நரம்பு நுனி இருக்குறதால வலி ஜாஸ்தியாம். வெளிய கட்டி இல்லாம இப்படி வலிக்கிறவங்க யாராச்சும் இருந்தா விட்டுறாதீங்க, ஸ்கேன் கேட்டு வாங்குங்க. நான் இப்ப கையை ஊணாம முஷ்டி மடக்கி புஷ்அப் எடுக்கறேன், மணிக்கட்டு நேரா இருக்கு, வலி இல்ல.

மலங்காட்டு_காப்பி

இதோட சேத்து ஒண்ணு சொல்லணும். எங்க லைன் வீட்டுல ஒரு பாட்டிக்கு மணிக்கட்டு உள்பக்கம் வீங்கி உள்ளங்கை வரைக்கும் போச்சு, எல்லாரும் எங்க அம்மாவுக்கு வந்ததுதான்னு சொல்லி விட்டுட்டாங்க. ஆஸ்பத்திரில பாத்தா அது டிபியாம், நுரையீரல்ல இல்ல, கை தசைநார் உறையில. டிபி மாத்திரை குடுத்துதான் சரி பண்ணாங்க. கட்டின்னா எல்லாம் ஒரே கட்டின்னு நினைச்சுறக் கூடாதுங்க.

அஸ்தம்பட்டி_பிசியோ

நல்ல வேளை எழுதுனீங்க. வெளிச்சம் ஊடுருவாத கட்டி, வேகமா வளர்ற கட்டி, செவந்து சூடா இருக்குறது, காய்ச்சலோட வர்றது, விரல் பலம் கொறையறது, இதெல்லாம் இருந்தா கேங்லியான்தான்னு நாமளே முடிவு பண்ணக்கூடாது. புறங்கையில நடுவிரலுக்கு நேரா அசையாம கெட்டியா இருந்தா அது எலும்பு மேடாவும் இருக்கலாம், அதை எக்ஸ்ரே காட்டிக் குடுத்துரும்.

பனங்காடு_கொலுசு

எல்லாரும் சொன்னதை வீட்டுல உக்காந்து படிச்சு காட்டுனேங்க. மாமியார் அழுகை நின்னுருச்சு. தீபாவளி ஆர்டரை முடிச்சுட்டு, தை பொறந்ததும் கை ஆபரேஷன் மட்டும் பாக்குற டாக்டரா பாத்து பண்ணிக்கலாம்னு இருக்கேன், காம்போட எடுப்பீங்களான்னு நேராவே கேக்கப்போறேன். அந்த நேரத்துல பத்த வைக்கிற வேலையை என் தங்கச்சி பாத்துக்கறேன்னு சொல்லிருக்கா. அது வரைக்கும் கைப்பட்டை போட்டு ஓட்டலாமாங்க? மெடிக்கல்ல சாக்ஸ் மாதிரி ஒண்ணு குடுத்தாங்க, அதைப் போட்டா விரல் வீங்குது.

அஸ்தம்பட்டி_பிசியோ

அந்த சாக்ஸ் டைப் வேண்டாம் அக்கா, அது அழுத்தும், புடிச்சு நிறுத்தாது. உள்ளங்கை பக்கம் தகடு வெச்சது கேளுங்க. மணிக்கட்டு எலும்புக்கு சுத்தி நூல் வெச்சு அளந்துட்டு போங்க, சைஸ் அதை வெச்சுதான். கட்டைவிரலும் மத்த விரல்களும் தாராளமா மடங்கணும், பட்டைக்குள்ள ஒரு விரல் நுழையுற அளவு தளர்வா ஒட்டுங்க. நெருப்பு வேலை பாக்குறப்ப போடாதீங்க, துணியும் ஒட்டுப்பட்டையும் தீ புடிச்சுக்கும். கண்ணி கோக்கறப்ப போடுங்க, வேலை முடிஞ்சு வலிக்கிற நேரத்துல போடுங்க, ராத்திரி பகலா மாசக்கணக்குல போட்டுக்கிட்டே இருந்தா கை சதை இளைச்சுரும், அதனால நடுநடுவுல கழட்டி கையை மடக்கி நீட்டி விடுங்க. வேலை பாக்குற பலகையை நெஞ்சுக்கு கொஞ்சம் கீழ வர்ற மாதிரி உசத்தி வெச்சுப் பாருங்க, மணிக்கட்டு மடங்காம நேரா நிக்கும். விரல் மரக்க ஆரம்பிச்சா தை மாசம் வரைக்கும் காத்திருக்காம உடனே காட்டிருங்க.